இரும்பு பார்க்கும் பிரபாவதி

திருத்தணியில் பிரபாவதியைத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவளிடம் ஊசிக் குத்து வாங்கியவர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. விடிந்ததும் ஸ்கூட்டியில் கிளம்பி, லேபுக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய், வெறும் வயிற்று ரத்தம் எடுத்துக்கொண்டு வருவாள். அதனால் ஊரில் மற்றவர்கள் வாசலோடு திரும்பிவிடும் வீடுகளில் எல்லாம் அவளுக்குக் கூடமும் புழக்கடையும் பழக்கம்.

மலைக்கோயிலில் பூசை செய்யும் ஸ்ரீகண்டன் குருக்களின் மனைவி ஞானாம்பாள் அவளுடைய பழைய வாடிக்கை. ஒருநாள் ஞானாம்பாள் குளித்துவிட்டு வருவதற்காகக் காத்திருந்தபோது, பிரபாவதி முற்றத்துத் தூணில் கையை ஊன்றி நின்றாள். நரம்பைத் தேடிப் பழகிய விரல்கள். பெயிண்டுக்கு அடியில் மேடும் பள்ளமுமாக ஏதோ தட்டுப்பட்டது. ஊசி மூடியின் முனையால் மெதுவாகச் சுரண்டினாள். பச்சை போய் நீலம் வந்தது, நீலம் போய்க் காவி வந்தது. அதற்கும் கீழே ஆங்கில எழுத்துகள்: ‘மக்ரே அண்டு பைர்ன், கிளாஸ்கோ, 1884.’

அதுவரை அந்தத் தூணை மரம் என்றே நினைத்திருந்தாள். வீட்டுக்காரர்களும் அதைப் பற்றி நினைத்ததில்லை. பின்கட்டில் மொட்டைமாடிக்கு ஏறும் சுருள்படியும் அதே வார்ப்பிரும்புதான். அரக்கோணம் பக்கம் ஏதோ ஒரு துரையின் பங்களாவை இடித்தபோது தன் தாத்தா ஏலத்தில் எடுத்ததாகக் கேள்வி என்று குருக்கள் சொன்னார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து பிரபாவதிக்கு இது பிடித்துக்கொண்டது. விக்டோரியா ராணி காலத்து வார்ப்பிரும்புத் தொழிற்சாலைகள் தங்கள் சரக்கைப் படம் போட்டு விற்ற புத்தகங்கள் இணையத்தில் கிடந்தன. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் தயிர்சாதமும் இன்னொரு கையில் போனுமாக அவற்றைப் புரட்டினாள். பால்கனிக் கம்பியில் ஓடும் கொடி, தூண் தலையில் விரியும் இலை என்று ஒவ்வொன்றுக்கும் அதில் எண் இருந்தது. இந்த இரும்பு கடல் தாண்டிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, ரயில் ஏறி, மாட்டு வண்டியில் வந்து இந்தத் தெருவில் நின்றிருக்கிறது என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வேறு யாருக்கும் அப்படி இல்லை. டூ வீலர் மெக்கானிக்கான கணவன் தணிகைவேலுக்குத் துரு என்றால் தேய்த்து எடுக்க வேண்டியது. அவளுடைய பொழுதுபோக்குக்கு அவன் வைத்த பெயரும் ‘துரு’ தான். “இன்னிக்கி எங்க துரு பாத்துட்டு வந்த?” என்பான்.

ரத்தம் எடுக்கப் போன மற்ற வீடுகளிலும் இப்படிப்பட்ட இரும்பு கண்ணில் பட்டது. வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டுதான் படம் எடுத்தாள். ‘தணிகை இரும்பு’ என்று முகநூலில் ஒரு பக்கம் தொடங்கி, தெருப் பெயரோடு போட்டாள். முதலில் பார்த்தவர்கள் அவளுடைய சொந்தக்காரர்கள். பிறகு எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த சூர்யபிரகாஷ். மரியாதையாகப் பேசினார். எந்தக் கம்பி வார்த்தது, எது அடித்து வளைத்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னார். நேரில் பார்க்க ஆசை என்று எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீடு வீடாக அழைத்துப் போய்க் காட்டினாள். இவ்வளவு நாளும் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

மழைக்காலம் முடிந்து மறுபடி ஞானாம்பாள் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் சிமென்ட் தூண்கள் நின்றன. பின்கட்டில் சுருள்படி இருந்த மூலையில் புதுக் குளியலறை. மாடிக்கு நேராக ஏறும் படி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி.

பிரபாவதி பஞ்சை எடுக்காமல் நின்றாள். ஞானாம்பாள் அதைக் கவனிக்கவில்லை. கையை நீட்டியபடி உற்சாகமாகச் சொன்னாள்.

“உன் பேரைச் சொல்லிண்டுதான் அந்த மெட்ராஸ் மனுஷர் வந்தார், பிரபா. நீ அனுப்பிச்சதா நெனச்சுண்டு தூணையும் படியையும் குடுத்துட்டோம், அந்தப் பணத்துலதான் இதெல்லாம். ஈரப் புடவையைத் தூக்கிண்டு அந்த வளைஞ்ச படியில ஏறறச்சே எனக்குத் தலை சுத்தும். இத்தனை வருஷம் அதுல விழாம இருந்ததே பெரிசு.”

பிரபாவதி ரத்தம் எடுத்தாள். குளியலறை நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். பொய்யில்லை, நன்றாகத்தான் இருந்தது.

அவள் காட்டிய மற்ற வீடுகளிலும் போய்ப் பார்த்தாள். ஒரு வீட்டில் பால்கனிக் கம்பி போயிருந்தது, இன்னொன்றில் ஜன்னல் வளைவுகள். சூர்யபிரகாஷுக்குப் போன் செய்தாள். அவர் மழுப்பவில்லை. பெரிய ஓட்டல்களுக்குப் பழைய பொருள் எடுத்துக் கொடுப்பது தன் தொழில் என்றார். புழக்கடையில் துருப்பிடித்துக் கிடந்ததை இப்போது ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்றார். “நான் திருடலையே மேடம். கேட்டுத்தான் வாங்கினேன். அவங்களுக்கும் சந்தோஷம்தான்.” எந்த ஓட்டல் என்று கேட்டதற்கு அதையும் சொன்னார்.

அடுத்து வந்த லீவு நாளில் தணிகைவேலையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினாள். சென்னையில் இறங்கி, பஸ் மாறி, கடற்கரைச் சாலையில் இருந்த அந்த ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். புல்வெளி நடுவில் சுருள்படி நின்றது. மேலே மாடி இல்லை. படிக்கொரு பூந்தொட்டி வைத்து, ஏறக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். முற்றத்துத் தூண்கள் வரவேற்பறையில் இருந்தன. அவள் சுரண்டிக் கண்டெடுத்த எழுத்துகளுக்குப் பொன் நிறம் பூசியிருந்தது. தணிகைவேல் குனிந்து அடிப்பக்கத்து போல்ட்டுகளைப் பார்த்தான். “நல்லாத்தான் நிக்க வெச்சிக்கிறாங்க” என்றான்.

கோபம் வரும் என்று நினைத்துக்கொண்டு போனவளுக்கு அது வரவில்லை. பெயிண்டு அடித்துக் காற்றாடப் பத்திரமாக இருக்கிறதே என்றுகூடத் தோன்றியது. திரும்பும்போதுதான் சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தாள். அவள் எடுத்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். குருக்கள் வீட்டுப் பின்கட்டு, சுருள்படி, அதன் கைப்பிடியில் காய்கிற ஞானாம்பாளின் மாம்பழ நிறப் புடவை. பக்கத்தில் உள்பாவாடையும்.

முகம் சூடேறியது. மேனேஜரைக் கூப்பிட்டாள்.

“இந்தப் படம் நான் எடுத்ததுங்க. அது ஒரு குருக்கள் வீட்டு அம்மாவோட துணி. அவங்களக் கேக்காம இங்க மாட்டக் கூடாதுங்க. கழட்டிடுங்க.”

மேனேஜருக்கு முதலில் புரியவில்லை. ஓனரைக் கேட்க வேண்டும் என்றார். கழற்றும்வரை இங்கேயே இருக்கிறோம் என்று அவள் அங்கிருந்த சோபாவில் உட்கார்ந்தாள். தணிகைவேலும் பக்கத்தில் உட்கார்ந்தான். போன் பேசிவிட்டு வந்து, ஒரு ஆளை ஸ்டூல் போட்டு ஏறச் சொன்னார் மேனேஜர்.

ஊர் திரும்பியதும் முகநூல் பக்கத்தில் இருந்த தெருப் பெயர்களை எல்லாம் அழித்தாள். ஆட்கள் வீட்டுத் துணிமணி தெரியும் படங்களையும் எடுத்துவிட்டாள். பக்கத்தையே மூடிவிடலாமா என்று சில நாள் யோசித்தாள். மூடவில்லை.

கோடையில் கனகம்மாசத்திரத்திலிருந்து விஜயராகவன் போனில் கூப்பிட்டார். மெயின் ரோட்டில் கடை வைத்திருப்பவர். அவருடைய மாந்தோப்பு முகப்பில் பழைய இரும்புக் கேட்டு ஒன்று உண்டு. மேலே கிரீடமும் இரண்டு பக்கமும் பூவேலையும். பிரபாவதி எப்போதோ படம் எடுத்துப் போட்டிருந்தாள். சூர்யபிரகாஷ் வந்து கேட்டிருக்கிறார். கொடுக்கலாமா என்று அவளிடம் யோசனை கேட்டார் விஜயராகவன்.

பழசு, பெருமை, காப்பாற்ற வேண்டும் என்று முன்பு சொன்னதையெல்லாம் இப்போது சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வளைந்த படியில் தலை சுற்றும் என்று சொன்ன ஞானாம்பாள் நினைவுக்கு வந்தாள். அந்த இரும்புக் கேட்டினால் அவருக்கு என்ன தொந்தரவு என்று மட்டும் விசாரித்தாள்.

“தொறக்க ரெண்டு ஆள் வேணும்மா. டிராக்டர் வந்தா நானும் டிரைவரும் மல்லுக்கு நின்னுகினு இருப்போம்” என்றார்.

அந்த ஞாயிறு அவளும் தணிகைவேலும் மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷுமாகப் போனார்கள். கேட்டைத் தாங்கிச் சுழலும் கீல் குடுமியில் தார்போல இறுகிக் கிடந்த அழுக்கை அவன் சுரண்டி எடுத்தான். ஜாக்கி வைத்துக் கேட்டைத் தூக்கி, கிரீஸ் அடைத்து, திரும்ப இறக்கினான். பிறகு விஜயராகவனைத் தள்ளச் சொன்னான். அவர் உடம்பின் பலத்தையெல்லாம் போட்டுத் தள்ள, கேட்டு சத்தமில்லாமல் ஓடிப்போய்ச் சுவரில் மோதியது. அவர் கீழே விழாமல் தப்பித்தார். பிறகு ஒரு கையால் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார்.

“ஆங், இருக்கட்டும்” என்றார். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

திறந்த கேட்டை ஒரு படம் எடுத்து அன்று சாயங்காலம் போட்டாள். எந்த ஊர் என்று பலர் கேட்டார்கள். ‘திருத்தணி பக்கம்’ என்று எல்லோருக்கும் ஒரே பதில் எழுதினாள். சூர்யபிரகாஷ் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு லைக் மட்டும் போட்டிருந்தார்.