லூர்துமேரியின் குடமும் பெரியதம்பியின் மோட்டாரும்

லூர்துமேரிக்கு வீடு வளவனூரில். வேலை விழுப்புரத்தில், பெரியதம்பி முதலாளியின் மல்லாட்டை மில்லில், அதாவது நிலக்கடலை ஓடு உடைக்கிற மில்லில். 1939-ல் அந்த மில்லில் நாற்பது பெண்கள் தூசியில் உட்கார்ந்து ஓட்டையும் பருப்பையும் பிரித்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் குடமும் கையுமாகத் துரைசானி மாதிரி நடமாடினாள். மல்லாட்டையை மெஷினில் கொட்டுவதற்கு முன்னால் தரையில் பரப்பித் தண்ணீர் தெளிக்க வேண்டும். அப்போதுதான் பருப்பு உடையாமல் முழுசாக வரும். எவ்வளவு தெளிப்பது என்பது அவள் கைக்குத்தான் தெரியும். புருஷன் செத்த பிறகு பொறுக்குகிற வரிசையில் சேர்ந்து, இரண்டு வருஷம் இருமித் தீர்த்து, முதலாளியிடம் வாயாடி வாங்கிய வேலை அது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

அதற்கு முந்தைய வருஷம்தான் முதலாளி தன் ஆயில் இஞ்சினைத் திண்டிவனத்து மச்சானிடம் தள்ளிவிட்டு, மேட்டூர்க் கரண்டில் ஓடும் மோட்டாரை வாங்கிப் போட்டிருந்தார். அதை ஓட்ட வந்தவன் பூமாலை. கிளியனூர்க்காரன், புதுசாகக் கல்யாணமானவன். தினமும் மோட்டாரைத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டுத்தான் சோறு தின்பான். பொங்கல் கழிந்ததும் பிடித்தது சனி. மெஷின் ஓடத் தொடங்கிக் கால்மணி ஆகாது, சுவரில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியின் கைப்பிடி ‘டக்’கென்று விழும், மோட்டார் நின்றுபோகும். தூக்கிவிட்டால் ஓடும், மறுபடி விழும்.

முதலாளி எலுமிச்சம்பழம் நறுக்கினார், பூசணிக்காய் உடைத்தார். தண்ணீரிலிருந்து எடுத்த கரண்டுக்கு எண்ணெயின் தெம்பு எங்கே வரும் என்று வண்டிக்காரர் ஒருவர் சொன்னதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் பூமாலையைக் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கெழமைக்குள்ள ஓடலன்னா திண்டிவனத்து இஞ்சின் திரும்பி வரும், அத்த ஓட்டற ஆளும் கூட வருவான். நீ ஊரப் பாக்கப் போய்க்கினே இரு.”

பூமாலை பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை வெறுமனே ஓட்டினான். விழவில்லை. பெல்ட்டை மாட்டி, மெஷினைக் காலியாக ஓட்டினான். அப்போதும் விழவில்லை. பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, ஒயர் முனைகளை இறுக்கி, மல்லாட்டையைக் கொட்டினான். விழுந்தது.

“காலியா ஓடறப்ப கன்னுக்குட்டியாட்டம் ஓடுதுக்கா. மல்லாட்டையக் கொட்டனா படுத்துக்குது. ஒரே பேஜாரா கீது,” என்று லூர்துமேரியிடம் புலம்பினான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. விற்கிற பருப்பின் எடை கூடட்டும் என்று, பொங்கலுக்கு மறுநாள் முதல் மூன்று குடம் அதிகமாக ஊற்றச் சொன்னவர் முதலாளி. ஊற்றியது அவள். ஊறிப்போன ஓடு நொறுங்காமல் சல்லடையில் போய் அடைத்துக்கொண்டது. மோட்டார் முக்கி முக்கிப் பார்த்தது. பாரம் தாங்காமல் ஸ்டார்ட்டர் கையை விரித்தது. இதைச் சொன்னால் முதலாளி தண்ணீரையே நிறுத்திவிடுவார், கூடவே அவள் வேலையும் போகும். இரண்டு நாள் அவள் வாயே திறக்கவில்லை. அவளைப் போன்ற வாயாடிக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

வெள்ளிக்கிழமை காலையில் பூமாலை தன் துணிகளை மூட்டை கட்டி மோட்டார் பக்கத்தில் வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் லூர்துமேரிக்கு மனசு கேட்கவில்லை.

“ஏம்பா, அந்த மூலையில தண்ணி படாத மூட்ட நாலு கீது பாரு. அத்தக் கொட்டி ஓட்டு, ஜல்தியா!”

நாலு மூட்டையும் தீர்ந்தது. கைப்பிடி அசையவில்லை. பருப்பு கொஞ்சம் உடைந்து வந்தது, அவ்வளவுதான். சத்தம் நிற்காததைக் கேட்டு முதலாளி ஓடி வந்தார்.

“மோட்டார்ல கோளாறு இல்லீங்க மொதலாளி. நீங்க ஊத்தச் சொன்ன மூணு கொடந்தாங்க கோளாறு. பழைய அளவுக்குத் தெளிச்சா நல்லா ஓடுங்க,” என்றாள் லூர்துமேரி.

வரிசையில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். தப்பு தன் மேல் என்பதைவிட அந்தச் சிரிப்புதான் பெரியதம்பிக்கு உறைத்தது.

“பழைய அளவும் வேணாம், புது அளவும் வேணாம். இனிமே தண்ணியே வேணாம். கொடத்த வச்சிட்டுப் போயி வரிசையில குந்து.”

பெண்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். உட்கார்ந்த உடனே தூசி மூக்கில் ஏறி, பழைய இருமல் வந்துவிட்டது. பூமாலை அவளைப் பார்க்க முடியாமல் சுவரோரம் தலைகுனிந்து நின்றான்.

“இன்னாப்பா நின்னுக்கினு கீற? கைப்புடியத் தூக்கு!” என்று அங்கிருந்தே கத்தினாள்.

சாயங்காலம் வரை மோட்டார் ஒருமுறைகூட விழவில்லை. ஒரே ஒரு தடவை விழுந்து தொலைக்காதா, குடம் திரும்பக் கைக்கு வராதா என்று இருமலுக்கு நடுவே அவள் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள். விழாமல் ஓடியதில் அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.