அணைத்துப் பார்த்த ஜமால்

செவ்வாய்க்கிழமை காலை ஜமாலின் தம்பி போன் செய்தார். “அண்ணே, ஜமால் அண்ணன் மௌத்தாயிட்டாருண்ணே. அஸர் தொழுகைக்கப்புறம் அடக்கம்.” வேறெதுவும் கேட்கத் தோன்றாமல் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன்.

தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களோடு சாட்டிலைட் மோடம் பொருத்திய உங்களுக்கு ஜமாலைத் தெரியும். எதைப் பொருத்தினாலும் ஒருமுறை ஸ்விட்சை அணைத்துப் பார்க்காமல் விடமாட்டார். இதனால் அவரிடம் திட்டு வாங்காதவர்களும் இல்லை, அவரைத் திட்டாதவர்களும் இல்லை.

வெள்ளானூர் பக்கம் ஒரு கிடங்கில் நடந்ததைச் சொல்கிறேன். டிஷ்ஷுக்குக் கீழே இரண்டு மோடம். ஒன்று ஓடும், மற்றது சும்மா காத்திருக்கும். ஓடுவது படுத்தால் இணைப்பைக் காத்திருக்கும் மோடத்துக்குத் தானாக மாற்ற நடுவில் ஒரு ஸ்விட்ச். கேபிள் முழுக்க ஜமால் போட்டது. விளக்கெல்லாம் பச்சை. வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டால் ஜமாலுக்கு வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வாடிக்கையாளர் தரப்பு அதிகாரி பேனாவைத் திறந்த நேரத்தில், “ஒரு நிமிஷம் சார்” என்று இவர் முதல் மோடத்தை அணைத்தார்.

இணைப்பு செத்துப்போனது.

மேனேஜர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஜமால் ரேக்குக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். “என் தப்புதான் சார். சிக்னல் கேபிளை ரெண்டுக்கும் மாத்திச் சொருகிட்டேன். ஸ்விட்சுக்குப் பழுது சொல்ற கேபிள் மட்டும் கரெக்டா கீது.” அதாவது, இத்தனை நேரம் ஓடியதே இரண்டாவது மோடம்தான். முதலாவதை அணைத்ததும் ஸ்விட்ச் நல்லதை விட்டுச் செத்ததற்குத் தாவிவிட்டது. மாற்றிச் செருகி மறுபடி அணைத்தார். இந்த முறை இணைப்பு அறுபடவில்லை. கையெழுத்தும் விழுந்தது. ஆனால் வாடிக்கையாளர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டான் என்று மேனேஜர் நிரந்தரத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டார்.

ஆவடிக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “உனக்கு இது தேவையா நைனா? கையெழுத்து வாங்கிகினு அப்பால அணைச்சிருக்கலாமே?”

“அப்பால அணைக்க மனசு வராது மாமே. அது படுக்கிற அன்னிக்கு நாம அங்க இருக்க மாட்டோம். இருக்கசொல்லவே பாத்துடணும்.”

அன்று பிழைக்கத் தெரியாத ஆள் என்றுதான் நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, அடக்கத்துக்கு ஜமாலின் ஜனாஸாவைத் தூக்குவதற்குச் சற்று முன் தெருவில் கரண்ட் போனது. ஜமால் வீட்டில் மட்டும் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அவர் மனைவி என்னைப் பார்த்து, “நாயித்துக்கெயமையானா மெயினை அணைச்சு இன்வெர்ட்டரைப் பாப்பாருண்ணே. நல்லா ஓடுறதை ஏன் நோண்டுறீங்கன்னு கத்துவேன்” என்றார். சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதுவிட்டேன்.

இந்த ஞாயிறு என் வீட்டு மெயினை அணைத்தேன். இன்வெர்ட்டர் எடுக்கவில்லை; பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. “இன்னாத்துக்கு இப்போ இதை நோண்டுறே?” என்று என் மனைவி இருட்டுச் சமையலறையிலிருந்து கத்தினாள். நாளைக்குப் புது பேட்டரி வருகிறது. நான் இருக்கும்போதே ஒருமுறை அணைத்துப் பார்த்துவிடுவேன்.