பச்சை ஒட்டு வாங்கிய எட்டுப் பந்துகள்

ரப்பரைப் பற்றி என்னிடம் யாரும் வாய் திறக்க முடியாது. ஒரகடத்தில், கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஒன்பது வருடமாகத் தர ஆய்வில் இருக்கிறேன். அந்தத் திமிரில்தான் அன்று ஊர் பார்க்க மூக்குடைபட்டேன்.

எங்கள் பொங்கல் விளையாட்டு விழாவில் கிரிக்கெட் ஆண்களுக்கு மட்டும்தான். பெண்கள் கரண்டியை வாயில் கவ்வி, அதில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். வாயில் கரண்டி இருந்தால் இவர்கள் பேச மாட்டார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. மூன்று வருடம் நச்சரித்த பிறகு மேனேஜர் இறங்கிவந்தார். தர ஆய்வுப் பெண்களும், பிசிறு வெட்டும் பினிஷிங் பெண்களும் எதிரெதிரே ஐந்து ஓவர் ஆடட்டும். பார்க்க நன்றாக இருந்தால் வருடாவருடம் வைக்கலாம், இல்லையென்றால் பழைய கரண்டிதான் என்றார்.

பந்து வாங்கும் பொறுப்பு என்னுடையது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டஜன் டென்னிஸ் பந்து வாங்கிவந்து, லேபில் ஒவ்வொன்றையும் தலை உயரத்திலிருந்து கீழே விட்டுப் பார்த்தேன். இடுப்பு வரை எழும்பியதற்கு, தேறிய பாகத்தில் ஒட்டுகிற பச்சை ஒட்டு, சோம்பேறிக்குச் சிவப்பு ஒட்டு. எட்டு தேறின. ரப்பருக்குச் சூடு ஆகாது என்பது எங்கள் வேதம். அதனால் எட்டையும், ரப்பர் கலவை வைக்கும் குளிர் அறையில் பத்திரப்படுத்தினேன். விழா அன்று காலையில் தெர்மாகோல் பெட்டியில் போட்டு மூடி எடுத்துப்போனேன். குழந்தையைக்கூட நான் அப்படிப் போர்த்தித் தூக்கியதில்லை.

பஸ் நிற்கும் கான்கிரீட் தளத்தில் ஆட்டம். முதலில் எங்கள் மட்டை. பந்து சொத்தென்று விழுந்து முழங்காலுக்குக் கீழேயே உருண்டது. மட்டையில் பட்டாலும் பத்தடி போய்ப் படுத்துக்கொண்டது. நடுவர் ஓவருக்கு ஒரு பந்து மாற்றினார். பெட்டியிலிருந்து வந்த அடுத்தது அதைவிட மோசம். ஐந்து ஓவரில் பதினோரு ரன். வேடிக்கை பார்த்த ஆண்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்து, பொங்கல் வடை வாங்கக் கிளம்பிவிட்டார்கள். மேனேஜர் போனைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அழுகையே வந்தது.

பெட்டியை எட்டி உதைக்கலாம் என்று போனவள், ஒரு பந்தை எடுத்தேன். ஜில்லென்று இருந்தது. குளிர்ந்த ரப்பர் விறைக்கும், உள்ளே இருக்கும் காற்றும் ஒடுங்கும். எழும்பு என்றால் எப்படி எழும்பும்? இதைக் கண்டுபிடிக்கத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது.

என் அணிப் பெண் ஒருத்தியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா இரு அக்கா. இதே பந்த போட்டா அவங்களும் பத்து ரன் தாண்ட மாட்டாங்க. நாமதான் கெலிப்போம்."

அவள் சொன்னது நியாயம். அவர்களுக்கும் அதே பந்துதானே? எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தால் தளத்தைச் சுற்றிப் பாதிப் பேர் இல்லை.

"கெலிச்சி இன்னா பண்றது? அடுத்த வருஷம் மறுபடியும் கரண்டிய கவ்விக்கினு நிக்கவா?"

நடுவரிடமும் எதிரணியிடமும் என் தவறைச் சொன்னேன். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, தளத்தின் ஓரம் அப்போதுதான் வந்து நின்ற பஸ்ஸில் ஏறி, டிரைவர் பக்கத்தில் சுடச்சுட இருந்த எஞ்சின் மூடிமேல் எட்டுப் பந்தையும் பரப்பினேன். டிரைவர் அண்ணன் அப்பளம் காயவைக்கிறாயா என்று கேட்டார். கால் மணி நேரம் நானே புரட்டிப் புரட்டிவிட்டேன்.

பந்துவீச்சும் நான்தான். பினிஷிங் அணியின் முதல் ஆட்டக்காரி பக்கத்து ஊர் வடக்குப்பட்டுக்காரி, நாற்று நட்டு உரமேறிய கை. என் முதல் பந்து தரையில் பட்டதும் துள்ளி அவள் இடுப்புக்கு வந்தது. பார்த்தீர்களா என் பந்தை என்று நான் பெருமைப்பட்டு முடிப்பதற்குள், அது மதிலைத் தாண்டிப் பக்கத்துக் காலிமனை முள்ளுக்குள் போய்விட்டது. அடுத்ததும் அங்கேயே. வடைத் தட்டோடு ஆண்கள் ஓடிவந்தார்கள். விசில் காதைப் பிளந்தது. இரண்டே பந்தில் பன்னிரண்டு, ஆட்டம் முடிந்தது.

என்னை மண்ணைக் கவ்வவைத்தவளை நானே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். என் கையைப் பிடித்த அணிக்காரி மட்டும் முறைத்தாள்.

மேனேஜர் போனைப் பையில் போட்டுக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். "என்னம்மா இது, பார்க்க உக்கார்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. அடுத்த வருஷம் எத்தினி ஓவர் வைக்கலாம்?"

"பத்து, சார்," என்றாள் முறைத்துக்கொண்டிருந்தவள்.