மேஜர் தொரையின் சாட்சி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் பூசைக்குள் போவோம். தலவாக்கலை டவுன் கோயிலில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்பதே வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ராணுவ முகாமின் மேஜர் முதன்முதலாக எங்கள் கோயிலுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்தார். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கியோடு நின்ற இரண்டு சிப்பாய்களையும் படிக்குக் கீழேயே நிறுத்திவிட்டு, ஈரப் படியில் உட்கார்ந்து, பூட்ஸின் நாடாவை மெதுவாக அவிழ்த்தார். உள்ளே பூசை தொடங்கிவிட்டது. ஆனால் பாதிச் சனம் பீடத்தைப் பார்க்காமல் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. காலுறையோடு உள்ளே வந்து பெண்கள் பக்கத்துக்கு எதிரே சிமெந்துத் தரையில் முழந்தாளிட்டபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, "இப்புடியும் ஒரு மனுசன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது. அதை இப்போது நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மூடிக் கிடந்த பழைய ஸ்டோரில், ஒரு காலத்தில் கொழுந்து அரைத்த கட்டடத்தில், முகாம் போட்டிருந்தார்கள். மேஜர் நீர்கொழும்புப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். வீட்டில் சிங்களம் பேசினாலும் செபமாலையைத் தமிழில் சொல்லிப் பழகிய குடும்பமாம். எங்களோடு அவர் பேசிய தமிழில் கொஞ்சம் கடல் காற்று அடிக்கும். ஆனால் எல்லாம் புரியும். எங்கள் ஆட்களுக்கு அதிகாரத்தில் இருக்கிற எவரும் தொரைதான். தோட்டத்துத் தொரை, சின்னத் தொரை என்கிற வரிசையில் இவர் மேஜர் தொரை ஆகிவிட்டார். அவருக்கு அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அவரைக் கெட்டவர் என்று நான் எழுத வரவில்லை. அப்படி எழுத முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், பெண்கள் தனியாக இருக்கும் காம்பரா அறைக்குள் சிப்பாய்கள் நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டவர் அவர். லயத்துக் கோழியைப் பிடித்துப்போன ஒருவனை, கோழியைக் கையில் கொடுத்து, அதே வீட்டு வாசலுக்கு அனுப்பி மன்னிப்புக் கேட்க வைத்தார். மழை கொட்டிய ஒரு நாள், பிள்ளை பெறத் துடித்த பெண்ணை முகாம் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்தப் பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பக்கத்துத் தோட்டங்களில் முகாம்காரர்களைக் கண்டால் சனம் தேயிலைக்குள் இறங்கி ஓடும். எங்கள் தோட்டத்தில் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஓடுகிற பழக்கத்தையே எங்களுக்கு மறக்கடித்துவிட்டார் அந்த நல்ல மனுஷன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், சுவாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவார் அல்லவா? எங்கள் கோயிலில் அந்தப் பன்னிரண்டு பேரை லயத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து எடுப்பார்கள். அந்த வருடம் எங்கள் லயத்தில் எங்கள் வீட்டு முறை. அப்பா இறந்துபோயிருந்ததால் அண்ணன்தான் உட்கார வேண்டும். அண்ணன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தான். லீவு தர முடியாது என்று முதலாளி முரண்டு பிடித்ததால், அடையாள அட்டையை அவரிடமே கொடுத்து, திரும்பி வருவேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்திருந்தான். கடைப் பையன்களின் அட்டையை முதலாளிகள் வாங்கி வைத்துக்கொள்வது அப்போது சாதாரண விஷயம். அம்மா அவனைத் தண்ணீர்ப் பீலிக்கரையில் உட்கார வைத்து, கல்லால் குதிகாலைத் தேய்த்தார். "மெதுவாம்மா, தோலு உரியுது" என்று அவன் கத்த, "சாமியாரு முத்தஞ் செய்யிற காலுடா, கொழும்பு அழுக்கோட கொண்டு போயி நீட்டுவியா?" என்று அம்மா இன்னும் அழுத்தித் தேய்த்தார். லயமே சிரித்தது.

மறுநாள் புதன்கிழமை, விடியும்போது சுற்றிவளைப்பு. ஆண்களை எல்லாம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வைத்து அட்டை பார்த்தார்கள். கொழும்பில் வேலை, கையில் அட்டை இல்லை. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பையனைக் கொண்டுபோக அது போதும். அண்ணனை வண்டியில் ஏற்றினார்கள்.

அம்மா கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு முகாமுக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். மேஜர் எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. "நாளைக்குக் கால் கழுவுற பூசைங்க தொரை, எங்க வூட்டு மொறைங்க. அவன் ஒண்ணுந் தெரியாதவனுங்க" என்று அழுதார். பாதம் கழுவுவதற்கு வந்தவன் என்று கேட்டதும் மேஜரின் முகம் மாறியது. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, நாளைக்கு நானே அவனைக் கோயிலுக்குக் கூட்டிட்டு வாறன். பூசை முடிஞ்சதும் திரும்பக் கூட்டிட்டுப் போகணும், மேலிடத்துக்குப் பதில் சொல்லணும். விசாரிச்சு முடிச்சா விட்டுருவோம். உயிர்த்த ஞாயிறு பூசைக்கு உங்க பக்கத்துல நிப்பான். இது ஆண்டவர் முன்னால சொல்றது." கழுத்தில் கிடந்த சிலுவையைத் தொட்டுத்தான் சொன்னார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சொன்னபடியே கூட்டி வந்தார். வெள்ளைச் சட்டையில் அண்ணன் பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அம்மா அதைத்தான் முதலில் பார்த்தார். சுவாமியார் ஒவ்வொரு காலாகக் கழுவிக்கொண்டு வந்தார். அண்ணனிடம் வந்தபோது, பக்கத்தில் நின்ற மேஜர் உபதேசியாரின் கையிலிருந்த துவாயைக் கேட்டு வாங்கி, முழந்தாளிட்டு, அவனுடைய பாதத்தைத் தானே துடைத்தார். கோயிலில் அழாத ஆள் இல்லை. அண்ணன் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டான். மேஜர் விடவில்லை.

பூசை முடிவில் நற்கருணை அப்பத்தைப் பக்கத்துப் பீடத்துக்குக் கொண்டுபோகும்போது விளக்குகளை அணைத்து, பெரிய பீடத்தின் துணிகளை உரிவார்கள். அந்த இருட்டில் எல்லோரும் பாடிக்கொண்டே நகர்வோம். பீடத்துக்குப் பின்னால், சுவாமியார் உடை மாற்றும் சக்ரீஸ்து அறையின் பின்கதவு திறந்தால் நேரே தேயிலைச் சரிவு. மாமா அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னது எனக்குக் கேட்டது. "அக்கா, பின்னால எறக்கி வுட்டுறலாம். விடியுறதுக்குள்ள பூண்டுலோயாவுல நம்ம ஆளுங்க வூட்டுக்குப் போயிருவான்." சுவாமியாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பின்கதவின் தாழ்ப்பாளை அவர்தான் எடுத்து வைத்திருந்தார். சிப்பாய்கள் முன்வாசலில் நின்றார்கள். மேஜர் கண்ணை மூடிச் செபத்தில் இருந்தார்.

அம்மா மாமாவைத் தள்ளிவிட்டார். "சும்மா இரு. சாமி முன்னால வாக்குக் குடுத்த மனுசன ஏமாத்தச் சொல்றியா? அவரு கால் தொடச்சது பொய்யா?" என்றார். அண்ணனிடமும், "போயிட்டு வாய்யா, மேஜர் தொரை பாத்துக்குவாரு" என்றார். அண்ணன் தன் காலாலேயே நடந்துபோய் ஜீப்பில் ஏறினான். எவனோ ஒரு முரடன் அந்த முகாமில் மேஜராக இருந்திருந்தால் அம்மாவே அந்தக் கதவைத் திறந்து அவனைத் தள்ளி விட்டிருப்பார். இத்தனை வருடங்களாக இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் யோசனை இங்கேயே இடறி நிற்கிறது. கெட்டவர்களிடம் தப்பிக்க எங்களுக்குத் தெரியும், தலைமுறை தலைமுறையாக அதில் பழக்கம். நல்லவரிடம் தப்பிக்கத்தான் தெரியவில்லை.

உயிர்த்த ஞாயிறு பூசைக்கு அண்ணன் வரவில்லை. மேஜரும் வரவில்லை. அம்மா பெஞ்சில் தன் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிறு மேஜர் வந்தார். எப்போதும்போல் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார், நற்கருணை வாங்கினார். பூசை முடிந்து அம்மா அவர் காலடியில் போய் நின்றபோது, "மேலிடத்து உத்தரவு அம்மா. கொழும்பிலிருந்து வந்து கேட்டாங்க, நான் குடுத்திட்டேன். ஒரு படைக்காரன் உத்தரவை மீற ஏலாது. ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார். யார் கேட்டது, எங்கே கொண்டுபோனார்கள் என்று சொல்லவில்லை. சில வாரங்களில் அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. வழியனுப்பத் தோட்டமே போய் மாலை போட்டது. நான் போகவில்லை. அம்மா போனார்.

அதற்குப் பிறகு அம்மா ஏறாத படி இல்லை. நுவரெலியா, கண்டி, கொழும்பு என்று அண்ணனின் போட்டோவை நெஞ்சில் பிடித்துக்கொண்டு அலைந்தார். ஒவ்வொரு மேசையிலும், யார் கொண்டுபோனது என்று கேட்பார்கள். அங்கேதான் எனக்கு உடம்பெல்லாம் எரியும். "மேஜர் தொரை நல்லவருங்க, அவரு மேல குத்தம் இல்ல. மேல உள்ளவங்கதான் கொண்டு போனது" என்பார் அம்மா. மேலே உள்ளவர்களுக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. பெயர் தெரிந்த ஒரே மனிதரையும் அம்மா தன் வாயாலேயே விடுவித்துவிடுவார். "ஒனக்குப் பைத்தியமாம்மா?" என்று பஸ்ஸில் வைத்தே கத்தியிருக்கிறேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவார். மேஜரை நல்லவர் இல்லை என்று ஒப்புக்கொண்டால், மகனைத் தானே ஜீப்பில் ஏற்றியதாக ஆகிவிடும். இது எனக்கு விளங்கவே பல வருடங்கள் பிடித்தன.

போன தவக்காலத்தில், ஹட்டனில் நடக்கும் தியானக் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற படைத்தளபதி ஒருவர் சாட்சி சொல்ல வருகிறார் என்று கோயிலில் அறிவித்தார்கள். பெயரைக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்தார். அவருக்கு இப்போது முழங்கால் முற்றாக விழுந்துவிட்டது, பீலிக்கரை வரைக்கும்கூட நடக்க முடியாது. "நீ போயிட்டு வா. சண்ட புடிக்காத. அவன் எங்க இருக்கான்னு மட்டும் கேளு" என்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேஜர் வெள்ளைத் தலையும் வெள்ளை உடுப்புமாக, தாத்தா போல் இருந்தார். சீருடைக்குள்ளும் கிறிஸ்தவனாக வாழலாம் என்பதுதான் பேச்சு. தினமும் செபமாலை சொல்லாமல் தூங்கியதில்லை என்றார். தன் சிப்பாய்களைக் குடிக்க விட்டதில்லை என்றார். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். பிறகு எங்கள் கதையைத் தொடங்கினார். மலைநாட்டில் ஒரு சின்னக் கோயில், பெரிய வியாழன், ஒரு கைதி, ஒரு துவாய். "அந்தத் தமிழ்ப் பிள்ளையின்ட பாதத்தைத் துடைச்ச நேரம்தான் தலைவன் எண்டால் யார் எண்டு ஆண்டவர் எனக்குக் காட்டினார்" என்று குரல் தழுதழுக்கச் சொல்லி நிறுத்தினார். எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் விம்மினாள். கதை துவாயோடு முடிந்துவிட்டது. அப்புறம் அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கைதட்டினார்கள். என் அண்ணனின் காலை வைத்து ஊர் ஊராகக் கைதட்டு வாங்கியிருக்கிறார்.

தேநீர் நேரத்தில் அவருக்கு முன்னால் போய் நின்றேன். யார் என்று சொன்னேன். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கண்ணன யாருகிட்ட குடுத்தீங்க? இப்ப எங்க இருக்கான்? அம்மா கேக்கச் சொன்னாங்க."

"அம்மா இன்னும் இருக்கிறாங்களா?" என்றார். என் தலையில் கை வைக்க வந்தார். நான் விலகினேன். அவர் கண் கலங்கிவிட்டது, நடிப்பு இல்லை. "மகள், நான் அவனை மறக்கேல்லை. பேர் சொல்லி ஒவ்வொரு வருஷமும் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். அவன்ட ஆன்ம இளைப்பாற்றிக்காக."

கத்தோலிக்கருக்கு இதை விளக்கத் தேவையில்லை. உயிரோடு இருப்பவன் சுகமாகத் திரும்பி வருவதற்குப் பூசை வைக்கலாம். இளைப்பாற்றி செத்தவருக்குத்தான். ஆத்துமாக்கள் திருநாளுக்கு வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைச் சுவாமியாரிடம் கொடுக்கும்போது, அம்மா அண்ணனின் பெயரை ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை. கொடுக்கச் சொன்ன மாமாவோடு, அவர் சாகும்வரை, பேசவும் இல்லை.

"எந்த வருசத்துல இருந்து?" என்று கேட்டேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். "அந்த வருஷத்தில இருந்தே" என்றார். யாரோ வந்து அவரைப் படம் பிடிக்க அழைத்துப் போனார்கள். அவரும் போனார்.

தலவாக்கலை பஸ்ஸில் வரும்போது, அம்மாவிடம் இதை எப்படியாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு வந்தேன். ஒரு தாயை இத்தனை காலம் போட்டோவோடு அலைய விட்டுவிட்டு, அவள் பிள்ளைக்கு இளைப்பாற்றி செபித்துக்கொண்டிருந்த மனிதனின் யோக்கியதையை அவள் தெரிந்துகொள்ளட்டும் என்று. வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலை வாரி, நல்ல சேலை உடுத்தியிருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"அண்ணன மறக்கலையாம்மா. வருசா வருசம் பேர் சொல்லிப் பூசை வைக்கிறாராம்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பூசைன்னு கேட்டியா?"

"கேக்கலம்மா" என்றேன்.

அம்மா தலையணையைச் சரி செய்துகொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "கேக்காததும் நல்லதுதான்" என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. பொய் பேச மாட்டாரு அந்த மனுசன்."