குழம்பு வாளியோடு ராட்டினம் ஏறியவர்கள்

போன ஞாயிறு எங்கள் சபையில் அசனம். ஊரோடு உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. எங்கள் ஊர் கொட்டாரம் பக்கம் வந்து பாருங்கள்... பந்தி முடிந்ததும் பிள்ளைகள் விளையாட ஓடிவிடுவார்கள். பெரியவர்கள் வீட்டுக்குக் குழம்பு வாங்க வாளியோடு வரிசையில் நிற்பார்கள். நானும்தான்!

சர்ச் மைதானத்தில் ஓர் இரும்பு ராட்டினம் உண்டு. வட்டத் தட்டு, ஓரத்தில் கம்பிகள். யாரோ அதை வேகமாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். மேலே ஏழெட்டுப் பிள்ளைகள், ஒரே அலறல். அதில் ஒன்று என் மகள் ஜெனி. ஆறு வயது.

ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தேன். தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தது. விட்டுவிட்டேன். பிறகு செய்தேன் பாருங்கள் ஒரு புத்திசாலித்தனம்!

“ஏலே மக்கா, எல்லாரும் நடுவுல போயி இருங்க!”

பெரிய பிள்ளைகள் தவழ்ந்து நடுவுக்குப் போனார்கள். ராட்டினம் நின்றதா? இன்னும் வேகமெடுத்தது! பயத்தில் கம்பியை விடாத ஜெனி மட்டும் ஓரத்தில். கால் வெளியே வீசுகிறது. கீழே சிமெண்டுத் தரை.

அப்போதுதான் என் மனைவி ஸ்டெல்லா ஓடி வந்தாள். பள்ளியில் இயற்பியல் டீச்சர்.

“மக்களே, கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஓரத்துக்கு வாங்க!” என்றாள். பிறகு வரிசையில் நின்ற ஆண்களிடம், “பிடிக்காண்டாம், ஏறுங்க! கூட ஓடாண்டாம், நின்ன எடத்துலேர்ந்தே ஏறுங்க!”

“ஏட்டி, கையில வாளி இருக்கே?” — இது அவள் அண்ணன், என் மச்சான் தங்கராஜ்.

“வாளியோட ஏறுண்ணே! பாரம் நல்லதுதான்!”

ஜெனி கடந்து போனதும் மச்சான் பொத்தென்று ஏறி விழுந்தார். பின்னாலேயே இன்னும் மூன்று பேர், வாளிகளோடு. குழம்பு வட்டமாகத் தெறித்தது. ராட்டினம் தளர்ந்து மெதுவானது. நான் ஜெனியை வாரி எடுத்துக்கொண்டேன். அப்பாடா! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... அழுதுவிட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்டெல்லா விளக்கினாள். ராட்டினத்திடம் இருக்கும் சுழற்சி ஓர் அளவுதான், தானாகக் கூடாது. ஆட்கள் நடுவில் ஒடுங்கினால் அதே சுழற்சி வேகமாகிவிடும். சுற்றாமல் நின்ற பாரம் ஓரத்தில் வந்து மோதி ஒட்டிக்கொண்டால், அதற்கும் பங்கு கொடுத்தாக வேண்டும், வேகம் குறையும். கோண உந்தம் என்று பெயராம். நானும் படித்துத்தான் பரீட்சை எழுதியிருக்கிறேன். ஆனால் பெற்ற பிள்ளைக்கு ஆபத்து என்றால் வாய்தானே முந்திக்கொள்கிறது?

தோளில் கிடந்த ஜெனி தலையை நிமிர்த்தினாள். “பின்ன எதுக்குப்பா எல்லாரையும் நடுவுல போச் சொன்னிய?”

கேள் மகளே... இனி ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டே இரு!