பிரேக்குக்கு வைத்த பொட்டு

அன்று சனிக்கிழமை. ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. அது கழியட்டும் என்று காத்திருந்து, பத்து முப்பத்தைந்துக்குக் குத்துவிளக்கை ஏற்றினேன். எல்லாம் கெட ஆரம்பித்தது அப்போதுதான். நல்ல நேரம் என்று நானே பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்த நேரம்.

ஆயுத பூஜை. கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில், ஹாலின் கிழக்குச் சுவரோரம் என் தையல் மெஷின், அரிவாள்மணை, என் கணவரின் பேனாக்கள், பையனின் ஸ்பானர்கள் எல்லாவற்றையும் பரப்பியிருந்தேன். அவற்றோடு, அட்டைப்பெட்டியில் வந்திருந்த நான்கு புது பிரேக் பேடுகள். காரின் முன்சக்கர டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற உள்ளங்கை அளவுக் கட்டைகள். சக்கரத்துக்கு இரண்டு.

அவை எங்கள் வீட்டுக்கு வரக் காரணம் நான்.

பையனுக்கு நொய்டாவில் வேலை. வேலைக்குப் போய்வர ஒரு சின்ன கார் வாங்கியிருந்தான். வாரத்தில் ஐந்து நாள் அது ஆபீஸ் கார். சனிக்கிழமைகளில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து எனக்குப் புழுங்கலரிசியும் முருங்கைக்காயும் சுமந்து வரும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஹரியானா பக்கம், விமானம் இறங்குவதை என்றோ நிறுத்திவிட்ட ஓர் ஓடுதளத்துக்குப் போகும். அங்கே அவனைப் போன்ற பையன்கள் பழைய டயர்களை அடுக்கி வளைவுகள் அமைத்து, ஒருவர் பின் ஒருவராகக் காரை விரட்டுவார்கள். ஹெல்மெட் உண்டு, ஓரமாக ஓர் ஆம்புலன்ஸ் நிற்கும் என்று எனக்குச் சமாதானம் சொன்னான். ஆம்புலன்ஸ் என்ற சொல்லுக்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். பேசாமல் இருந்து பார்த்தேன். சமைக்காமல் இருந்தபோது அவனும் அப்பாவும் கரோல் பாக் ஓட்டலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தேன்: நல்ல பிரேக் போட்ட பிறகுதான் அந்த ஓடுதளம்.

அதிலிருந்து ஒரு மாதம், சாப்பாடு முடிந்ததும் எங்கள் இருவருக்கும் அதே பேச்சு. அவன் கம்ப்யூட்டரில் படங்களைக் காட்டுவான். பெரிய டிஸ்க்கும், பேடுகளை அழுத்துகிற பெரிய காலிப்பரும் சேர்ந்த செட் ஒன்று இருந்தது. அது இப்போதிருக்கிற சக்கரத்துக்குள் அடங்காது. சக்கரம், டயர் எல்லாமே மாற்ற வேண்டும். அத்தனையும் மாற்றினாலும் கடைசியில் ரோட்டைப் பிடிப்பது டயர்தானே, இந்தச் சின்ன காருக்கு அது வீண் என்று அவனே ஒதுக்கிவிட்டான். அவன் மனம் ரேஸுக்கென்றே செய்த பேடுகளில் இருந்தது. எத்தனை சூடானாலும் அவை பிடியை விடாதாம்.

"சூடு ஏறாம இருந்தா?" என்று கேட்டேன். "ஜனவரில, காலைல எட்டு மணிக்குப் பனில ஆபீஸ் கெளம்புவியே, அப்ப புடிக்குமா?"

கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தான். "முதல் ரெண்டு மூணு பிரேக்குக்குப் புடிக்காதும்மா."

"அப்ப மூணாவது பிரேக் வரைக்கும் முன்னாடி போற பஸ்காரன் காத்துண்டிருப்பானா?"

சிரித்துவிட்டான். அப்பாவைக் கூப்பிட்டு, "பாருங்க, அம்மாதான் பக்கா மெக்கானிக்" என்றான். ஆபீஸுக்கும் ஆகும், ஓடுதளத்துக்கும் தாங்கும் என்கிற நடுத்தரமான பேடுகள், சீக்கிரம் கொதிக்காத புது பிரேக் ஆயில், அந்த ஆயில் ஓடுவதற்கு, அழுத்தினால் உப்பாத ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் குழாய்கள். இதுவே முடிவாயிற்று. அந்த முடிவை நான் எடுத்ததாக அவன் நண்பர்களிடமெல்லாம் சொன்னான். என் ஆபீஸ் ஃபைல்களில் நான் எழுதிய எந்த நோட்டும் எனக்கு அத்தனை பெருமை தந்ததில்லை.

அந்தப் பெருமையோடுதான் பூஜையில் உட்கார்ந்தேன். தையல் மெஷினுக்கும் ஸ்பானர்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பெட்டியைத் திறந்ததும் மேலாக இரண்டு பேடுகள், கருங்கல் போலச் சொரசொரப்பாக. குங்குமம் ஒட்டாமல் உதிர்ந்தது. விளக்கு நல்லெண்ணெயை விரலில் தாராளமாகத் தொட்டு, அதில் குங்குமத்தைக் குழைத்து, இரண்டுக்கும் நடுவில் அழுத்தி வட்டமாக இட்டேன். என் பிள்ளையை இதுதானே பிடித்து நிறுத்தப்போகிறது என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக இட்டேன். அடியில் இருந்த இரண்டை எடுக்கவில்லை. கற்பூரம் காட்டினேன். பையன் கும்பிட்டான். பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சுண்டலை எடுத்துக்கொண்டு போனான்.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் மறுநாள், விஜயதசமி அன்று, கீழே மரத்தடியில் காரை ஜாக்கியில் தூக்கினார்கள். உதவிக்கு அவனுடைய சர்தார் நண்பன் வந்திருந்தான். நான் மேலே பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பையன் உப்புத்தாளை வைத்து எதையோ வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தான். நண்பன் குனிந்து பார்த்து, "சோட் யார், நயா மங்கா லே" என்றான். விடு, புதுசு வரவழைத்துக்கொள் என்கிறான், ஏதோ நட்டு போல்ட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பையன் வாயில் விரலை வைத்து மேலே ஜாடை காட்டியதையும் பார்த்தேன். பெண்களைப் பற்றி ஏதாவது பேச்சாக இருக்கும் என்று துணியை உதறினேன்.

அந்த வாரம், பிரேக் போட்டால் கார் கொஞ்சம் வலது பக்கம் இழுக்கிறது என்று அவன் அப்பாவிடம் சொல்வது கேட்டது. வெள்ளிக்கிழமை வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு வந்தான். சரியாயிற்றா என்றேன். "அச்சா ஹை", நன்றாகத்தான் இருக்கிறது என்று ஷூவைக் கழற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பிப் போனான். நான் டிபன் கட்டிக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் எந்த அட்டைப்பெட்டியையும் எறிவதில்லை. பேடுகள் வந்த பெட்டியில் ஊதுவத்தியையும் கற்பூரத்தையும் போட்டுவைக்கலாம் என்று எடுத்தேன். மூடியின் உட்புறத்தில் இரண்டு சிவப்பு வட்டங்கள் பதிந்திருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி, அப்பளம் வைத்த தாள் போல, எண்ணெய் ஊறிப் பரவியிருந்தது. அட்டையே இத்தனை குடித்திருந்தால் அந்தச் சொரசொரப்பான கட்டை எத்தனை குடித்திருக்கும்?

திருச்சியில் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளில் நான் சைக்கிளைத் துடைத்து, பளபளக்கட்டும் என்று ரிம்முக்கும் எண்ணெய் போட்டிருக்கிறேன். பாலத்து இறக்கத்தில் பிரேக் வழுக்கி, காய்கறி வண்டி மேல் போய் விழுந்திருக்கிறேன். அது எனக்குத் தெரியும். தெரிந்த கையால்தான் பொட்டு வைத்தேன். இரண்டுக்கு வைத்தேன், இரண்டுக்கு வைக்கவில்லை. வைத்த இரண்டும் ஒரே சக்கரத்துக்குப் போயிருக்கும். அதனால்தான் கார் ஒரு பக்கம் இழுத்தது.

செல்போனில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காரை ஓட்டும்போது போனை வெளியே வைத்துவிட வேண்டும் என்று அங்கே சட்டம். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். என் கணவரிடம் பெட்டியைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எண்ணெய் அதற்குள் எரிந்து போயிருக்கும் என்றார். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. டாக்ஸி பிடித்துப் போகலாம் என்றால், அந்த இடத்தின் பெயர் எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. எந்த பேட் எத்தனை சூடு தாங்கும் என்று ஒரு மாதம் கேட்டவள், அந்த ஊர் எது என்று கேட்டுவைக்கவில்லை.

இன்றும் யாராவது ஓட்டுகிற காரில் உட்கார்ந்தால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. அன்று பால்கனியில் நின்றபோது பழகியது அது. கீழே திரும்புகிற ஒவ்வொரு காருக்கும் அழுத்தினேன்.

பிற்பகலில் வந்தது எங்கள் கார் இல்லை. சர்தார் பையனின் ஜீப். முதலில் அவன் இறங்கி மேலே பார்த்து, "ஆன்ட்டிஜி, சப் டீக் ஹை" என்றான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்பவனின் முகமாக அது இல்லை. அடுத்த கதவு திறந்து என் பிள்ளை மெதுவாக இறங்கினான். இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. புருவத்தின் மேல் தையல்.

நான் படியில் பாதி இறங்குவதற்குள் அவன் பாதி ஏறி வந்துவிட்டான். டயர் அடுக்கில் மோதி கார் புரண்டதை நண்பன் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான். என் கையில் இன்னும் அந்தப் பெட்டி இருந்தது. பையன் அதைப் பார்த்தான். பிறகு, கட்டுப் போடாத கையால் அதை வாங்கி மூடினான்.

"உப்புத்தாள் போட்டா போயிடும்னு நெனச்சேன்மா" என்றான். "நீ வெச்ச பொட்டாச்சே. அத எப்படித் தூக்கிப் போடறது?"