சாவிக்கு வைத்த பொட்டு

என் காரில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரே ஆள் என் அம்மாதான். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஷிப்ட் முடிந்தால், கவரைப்பேட்டைப் பக்கம் வருகிற தோழிகள் எல்லாம் என் வண்டியில்தான் நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். பழைய கார்தான், ஆனால் என் சம்பளத்தில் வாங்கியது. அம்மா மட்டும் கிட்டே வரமாட்டாள்.

"ரோடு பூரா லாரி. அதுல நீ ஓட்டறதே எனக்குப் பேஜாரு. நானும் குந்திக்கினு வரணுமா?" என்பாள்.

எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். இயந்திர பாகங்களைச் சரிபார்த்து அனுப்புவது என் வேலை. நான் தலையாட்டினால் கம்பெனியே நம்புகிறது, பெற்றவள் நம்பவில்லையே என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

போன தை மாதம் அக்காவுக்கு வளைகாப்பு வந்தது. அவளைக் கட்டிக்கொடுத்திருப்பது கடம்பத்தூரில். ரயிலில் போவதென்றால் சென்ட்ரல் வரை போய் வேறு ரயில் மாற வேண்டும். வளையல் தட்டும் சாதத் தூக்குகளும் வைத்துக்கொண்டு அது ஆகிற காரியமா? வேறு வழியில்லாமல் அம்மா இறங்கி வந்தாள். அதற்கும் ஒரு நிபந்தனை.

"கெளம்பும்போது வண்டி மக்கர் பண்ணுச்சின்னா நான் ரயிலேறிடுவேன். அப்பறம் ஜென்மத்துக்கும் என்னைக் கூப்பிடாத."

மக்கர் பண்ணாமல் இருக்குமா? வெள்ளிக்கிழமை காலை பட்டுப்புடவையும் தட்டுமாக அம்மா வாசலில் நிற்க, நான் ஸ்டைலாகச் சாவியின் பொத்தானை அமுக்கினேன். கார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. சாவிக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று புரிந்தது. அவசரத்துக்கென்று அதனுள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி செருகியிருக்கும். அதை உருவிக் கதவைத் திறந்தேன். யாரோ திருட வந்துவிட்டதாக நினைத்து வண்டி ஊரைக் கூட்டி அலற ஆரம்பித்தது. தெருவே எட்டிப் பார்த்தது. பதறிப்போய் மறுபடி பூட்டியதும்தான் ஓய்ந்தது.

"பாத்தியா, வண்டியே வேணாங்குது" என்றாள் அம்மா. ஒரு தூக்கை இடுப்பில் ஏற்றியும் விட்டாள்.

"பேட்டரிதான்மா! கொஞ்ச நேரம் இரு, மாத்திட்டு வரேன்."

"ராகுகாலம் வரதுக்குள்ள கெளம்பணும், சொல்லிட்டேன்."

ஸ்டேஷன் பக்கம் இருக்கும் ஃபேன்சி ஸ்டோருக்கு ஓடினேன். பொட்டு அட்டைகளுக்கும் ஹேர்பின்களுக்கும் நடுவிலிருந்து கடைக்காரர் ஒரு வட்டப் பேட்டரியை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, கத்தி நுனியால் சாவியைப் பிளந்து, இருந்த அவசரத்தில் உள்ளே சரியாகப் பார்க்காமலே பழையதை எடுத்துப் புதியதைப் போட்டேன். அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்றைக்கு இவள் ரயிலேறினால் இனி எந்தக் காலத்திலும் என் காரில் ஏறப்போவதில்லை. சாவியை மறுபடி திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே மஞ்சளும் சிவப்புமாக அப்பிக் கிடந்தது. பேட்டரியைத் தொட வேண்டிய தகட்டின்மேல் சந்தனம் பொருக்குத் தட்டியிருந்தது. சாவியின் வெளியே ஒட்டியிருக்கும் குங்குமத்தை நான் ஆயுத பூஜையின் மிச்சம் என்றே நினைத்திருந்தேன். உள்ளே இருந்ததோ ஒருநாள் பூஜையில் சேரக்கூடியதல்ல.

"அம்மா, இன்னா இது?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ குளிக்கப் போனதும் சாமிகிட்ட வச்சி, சந்தனத்தைக் கரைச்சிப் பொட்டு வைப்பேன். மஞ்சத் தண்ணி ரெண்டு சொட்டு தெளிப்பேன்."

"தெனமுமா?"

"ஒருநாள் உட்டாலும் மனசு கேக்கலடி. நீ ஊடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு சோறு எறங்க வேணாமா?"

இத்தனை நாள் இவளுக்கு என்மேல் நம்பிக்கையில்லை என்று நினைத்திருந்தேனே! அவளுக்கு இருந்தது பயம். அதுவும் எனக்காக. கண்ணில் தண்ணீர் நிற்க, விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் போனில் டார்ச் அடித்துக் காட்டினாள். காது குடையும் பஞ்சுக் குச்சியை சானிடைசரில் நனைத்து நான் தகட்டைத் துடைத்தேன்.

"சாமி குத்தம் ஆயிடாதே?"

"சாமிக்கும் கரண்டு வேணும்மா."

பேட்டரியைப் போட்டு அமுக்கியதும் வண்டி இரண்டு கண்ணையும் சிமிட்டியது. அம்மா 'முருகா' என்று ஏறி உட்கார்ந்தாள். பெரியபாளையம் தாண்டும்வரை கண்ணைத் திறக்கவேயில்லை. அதற்கப்புறம் வாயை மூடவேயில்லை. எந்த லாரியை முந்தலாம், எதை முந்தக் கூடாது என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

கடம்பத்தூரில் வளையல் அடுக்கி, விருந்து முடிந்தது. இனி அக்காவைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அக்காவின் மாமியார் போனைக் கையில் எடுத்தார்.

"சம்மந்தி, புள்ளத்தாச்சிப் பொண்ணு. நல்ல டிரைவரா பாத்து டாக்சி சொல்லட்டுமா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து மெதுவாக எழுப்பிக்கொண்டிருந்தாள்.

"டாக்சி எதுக்கு சம்மந்தி? எஞ் சின்னப் பொண்ணு ஓட்டுவா."